ஒத்திவைத்த அறுவைகள்: சுகாதாரத் தலைமை இயக்குநருக்குத் திறந்த மடல்

மஸ்ஜித் இந்தியா, கோலாலம்பூர்
ஜூன் 2020

மதிப்பிற்குரிய டத்தோ டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா அவர்களுக்கு,

மார்ச் 18-இல் நாடு கதவடைத்தது முதல், மாலைதோறும் உங்கள் செய்தியாளர் சந்திப்பைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீடுகளில் மற்றப் பேச்சு. நீங்களே அறுவை மருத்துவர். அறுவைக்கூடங்களை மறுபடி முழுமூச்சாக இயக்குவதன் சிக்கல் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெரு நிலவரத்தை மட்டும் சொல்கிறேன்.

இங்கே ஒரு தையல்காரர். கண்புரை முற்றி ஊசியின் காது தெரியவில்லை. ஏப்ரலில் அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அது தள்ளிப்போனதாகத் தொலைபேசி வந்ததோடு சரி, புதுத் தேதி இல்லை. ரமலான் சந்தை இல்லாமல், பெருநாள் தையலும் இல்லாமல் ஆண்டின் பெரிய வருமானம் அவருக்குப் போய்விட்டது. இனி வேலை வந்தாலும் பார்க்கக் கண் வேண்டுமே!

அவசரப்பட்டுத் திறக்கச் சொல்லவில்லை. கோவிட் தொற்றோடு அறுவைக்கு உள்ளான 1,128 பேரைப் பற்றி மே மாத இறுதியில் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 30 நாளுக்குள் 23.8 விழுக்காட்டினர் இறந்திருக்கிறார்கள். அதனால் அறுவைக்கு முன் பரிசோதனை வேண்டும். மயக்க மருத்துவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து திரும்ப வேண்டும். இரத்ததான முகாம்கள் நின்றதால் குறைந்த இரத்த இருப்பும் மீண்டும் நிரம்ப வேண்டும். 12 வாரம் நின்ற அறுவைகளை முடிக்க, வழக்கத்தைவிட 20 விழுக்காடு கூடுதலாகச் செய்தாலும் சுமார் 45 வாரம் ஆகும் என்பது இன்னொரு பன்னாட்டுக் கணக்கு.

அப்படியானால் யாரை முதலில் அழைப்பது? விடாமல் தொலைபேசி அடிப்பவரும், உள்ளே ஆள் தெரிந்தவரும் முந்திக்கொள்வார்கள். நம் ஊர் வழக்கம் நமக்குத் தெரியாதா? எத்தனை அறுவை நிலுவையில் இருக்கிறது, எந்த அடிப்படையில் அழைக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் வெளியிடட்டும். தொற்று எண்ணிக்கையை நாள்தோறும் சொல்ல முடிந்த அமைச்சுக்கு இது முடியாத காரியமல்ல.

எந்தப் பட்டியலிலும் பெயரே இல்லாதவர்களும் உண்டு. துணி மூட்டை தூக்கும் ஒருவர் குடலிறக்கத்தோடு, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார். வேலை பெர்மிட் முடிந்துவிட்டதால், பிடிபடும் பயத்தில் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. ஏப்ரலில் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போட்டபோது, நோய்க்காகத்தானே என்று பொறுத்துக்கொண்டோம். சோதனைக்கு வரும் ஆவணமற்றோரைப் பிடிக்கமாட்டோம் என்று மார்ச்சில் அரசு சொல்லியிருந்தது. மே 1-இல் இதே வட்டாரத்தில் குடிநுழைவுத் துறை நூற்றுக்கணக்கானோரை லாரியில் ஏற்றியது. அதைப் பார்த்தவர் இருமலோடு தானாக வந்து நிற்பாரா? கடைசி நேரத்தில், குடல் நெரிபட்டு அவசரப் பிரிவுக்குத்தான் வருவார். அவருக்குத் தொற்றும் இருந்தால், நீங்கள் பாதுகாத்துத் திறந்த வார்டின் கதி என்ன?

டத்தோ, ஆவணமற்ற நோயாளிகளைப் பற்றி மருத்துவ ஊழியர்கள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும் என்கிற 10/2001 சுற்றறிக்கை, நீங்கள் இன்று வகிக்கும் பதவியிலிருந்து வந்தது. அதைத் திரும்பப் பெறுங்கள். முடியாவிட்டால், இந்தத் தொற்று அடங்கும் வரையாவது நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
மஸ்ஜித் இந்தியா கடைக்காரன் ஒருவன்