கூகுள் மேப்பில் தெரிவது எந்த வருடத்து வீடு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துவிட்டால், முதல் நாளே எல்லா வீட்டிலும் ஒரு காரியம் நடக்கும். கூகுள் மேப்ஸையோ கூகுள் எர்த்தையோ திறந்து, ஊர்ப் பெயரை டைப் செய்து, சாட்டிலைட் படத்துக்கு மாற்றி, ரோட்டைப் பிடித்துக்கொண்டே போய்ச் சொந்த வீட்டைக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் நெய்யூரில் என்றால் மிஷன் ஆஸ்பத்திரியையோ இரணியல் ரயில்வே ஸ்டேஷனையோ முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓட்டுக் கூரைகளை எண்ணிக்கொண்டு போக வேண்டும். வீடு கிடைத்ததும் வீடே கூடிவிடும். அடுத்த நிமிடம் கேள்விகள் ஆரம்பிக்கும். "வாசலில் நிற்கிற பைக்கைக் காணோமே?" "மாடியில் போட்ட ஷீட் எங்கே?"

பைக் தெரியாததற்குக் காரணம், நீங்கள் பார்ப்பது இன்றைய படம் அல்ல. ஒரு வருடம், இரண்டு வருடம், சில இடங்களில் அதற்கும் முந்தைய படம். இது பழைய படம்தானே என்று சலித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். என் கட்சி வேறு. அந்தப் பழைய படத்தில்தான் நமக்கு உண்மையான லாபம் இருக்கிறது. அதற்கு முதலில் படம் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும்.

சினிமாவில் ஹீரோ கீபோர்டில் நாலு தட்டு தட்டியதும் சாட்டிலைட் கேமரா ஓடும் காரின் நம்பர் பிளேட்டைக் காட்டும். நிஜத்தில் அது நடக்காது. வீடு, மரம் தெரியும்படி படம் எடுக்கும் சாட்டிலைட்டுகள் பூமியிலிருந்து ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இந்த உயரத்தில் ஒரே இடத்தில் நிற்க முடியாது. நொடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தை ஒன்றரை நிமிடத்தில் தாண்டிவிடும். ஓடுகிற ஓட்டத்தில் கீழே ஒரு பட்டையை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டு போகும். வேர்ல்ட்வியூ-3 என்ற சாட்டிலைட்டுக்கு அந்தப் பட்டையின் அகலம் சுமார் 13 கிலோமீட்டர்தான். ஒரே இடத்துக்கு மேலே நிலையாக நிற்கும் சாட்டிலைட்டுகளும் உண்டு. அவை இருப்பது 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில். டிவி செய்தியில் மேகப் படம் காட்டுகிறார்களே, அது நம் இன்சாட் வகை சாட்டிலைட்டிலிருந்து வருவது. அதில் ஒரு புள்ளி என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். புயல் தெரியும், பைக் தெரியாது.

இந்தப் புள்ளிக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. படத்தின் ஒரு பிக்ஸெல் தரையில் எவ்வளவு இடத்தைக் குறிக்கிறது என்பதுதான் அது. 1988-ல் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ்.-1ஏ சாட்டிலைட்டில் ஒரு பிக்ஸெல் 72.5 மீட்டர். அதாவது சுமார் ஒன்றேகால் ஏக்கர் தோப்பு முழுவதும் ஒரே ஒரு புள்ளி! 2019 நவம்பரில் இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-3-ல் ஒரு பிக்ஸெல் 25 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண். இவ்வளவு நுணுக்கமான படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கப்படும். கலர் படத்தைக் கொஞ்சம் மங்கலாகத் தனியே எடுத்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக்குவார்கள்.

கூகுள் இந்தப் படங்களை எடுப்பதில்லை, வாங்குகிறது. மேலே நின்று பார்க்கும்போது தெரிவது பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்க லேண்ட்சாட், ஐரோப்பிய சென்டினல் படங்கள். ஸூம் செய்து உள்ளே போனால் ஏர்பஸ், மாக்ஸார் (2025-ல் வான்டோர் என்று பெயர் மாறியது) போன்ற கம்பெனிகளின் படங்கள். அமெரிக்க நகரங்களில் விமானத்திலிருந்து எடுத்த படங்களும் கலந்திருக்கும். அதனால்தான் அங்கே ஜன்னல்கூட எண்ண முடிகிறது, நம் ஊர் கொஞ்சம் மங்கல். வாங்கிய படங்களைத் தைத்து ஒட்டி, 256-க்கு 256 பிக்ஸெல் சதுரங்களாக வெட்டி சர்வரில் அடுக்கி வைப்பது இந்த மாதிரி மேப்புகளின் வழக்கம். ஒவ்வொரு முறை நீங்கள் ஸூம் செய்யும்போதும் ஒரு சதுரம் நான்காகப் பிரியும். உலகம் முழுவதும் ஒரே சதுரத்தில் ஆரம்பித்தால், 18-வது படியில் 6,871 கோடிக்கும் மேற்பட்ட சதுரங்கள். உங்கள் திரைக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் சர்வர் அனுப்புகிறது. இணைப்பு மெதுவாக இருந்தால் கட்டம் கட்டமாக மங்கலாக வந்து பிறகு தெளிவாவது இதனால்தான். கம்ப்யூட்டரில் கோளாறு என்று எண்ணிச் சர்வீஸ்காரரைக் கூப்பிட வேண்டாம்.

இனி தேதிக்கு வருவோம். கூகுள் மேப்ஸ் சாட்டிலைட் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வருடம் போட்டிருக்கும். பலரும் அதைப் படம் எடுத்த வருடம் என்று நினைக்கிறார்கள். இல்லை, அது காப்பிரைட் வருடம். ஜனவரி பிறந்தால் அதுவும் மாறிவிடும், படம் பழையதாகவே இருக்கும். கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் ஒரு பக்கத்தில் படம் எடுத்த தேதியைப் போடாமல் காப்பிரைட் வருடத்தைப் போடுவது சரியல்ல என்பது என் கருத்து. செய்ய முடியாத காரியமும் அல்ல. அதே கம்பெனியின் கூகுள் எர்த் ப்ரோ சாப்ட்வேரில் படத்தின் தேதி திரையின் கீழ்ப்பட்டையிலேயே தெரிகிறது. 2015 முதல் அது இலவசம். டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். மவுஸை மெதுவாக நகர்த்திப் பாருங்கள், ஒரே ஊருக்குள்ளேயே தேதி மாறுவதைக் காணலாம். ஒட்டுப்போட்ட துணி அல்லவா!

தேதி தெரியாததால் வரும் வம்பு சாதாரணமானது அல்ல. எங்கள் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர் இல்லாத தெரு குறைவு. அண்ணன் அங்கே, தம்பி இங்கே, நடுவில் பாதி கட்டிய வீடு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கான்கிரீட் வார்ப்பு முடிந்து பூச்சு வேலை நடக்கிறது. அண்ணன் ராத்திரி போன் செய்து, "தம்பி, மேப்பில் பார்த்தேன். வெறும் மண்தான் கிடக்கு. அனுப்பின பணம் எங்கேடா?" என்று கேட்டுவிட்டார். தம்பி ஒரு மாதம் பேசவில்லை. படம் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் எடுத்தது.

கூகுளே சொல்வது, படங்கள் பொதுவாக ஒன்று முதல் மூன்று வயது வரை இருக்கும் என்று. நம் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும் நாட்கள் குறைவு. மேகம் மறைத்தால் படம் வீண். ஆகவே நல்ல படங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தவையாக அமையும். அப்போது குளங்களில் தண்ணீர் இறங்கியிருக்கும். கும்பப்பூ ஜனவரியில் பச்சையாகத் தெரியும், மார்ச்சில் அறுவடை முடிந்து தாளாகக் கிடக்கும். ஒரே வயல், இரண்டு மாத இடைவெளியில் இரண்டு நிறம்.

தேதி கிடைக்காத படத்தில் மாதத்தை ஓரளவு ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. நிழலைப் பாருங்கள். இந்தச் சாட்டிலைட்டுகளில் பெரும்பாலானவை நம் ஊரைக் காலை 10, 10.30 மணி வாக்கில் கடக்கும்படி அமைக்கப்பட்டவை. சூரியன் கிழக்கே இருப்பதால் தென்னை மரத்தின் நிழல் மேற்கே விழும். ஜனவரி என்றால் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடமேற்கே போகும். ஜூன் என்றால் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நிழல் தென்மேற்கே. ஏப்ரலில் நேர் மேற்கு. வருடத்துக்கு வேறு அடையாளம் தேடலாம். 2019-ல் திறந்து வைக்கப்பட்ட மார்த்தாண்டம் மேம்பாலம் படத்தில் இல்லையா? அப்படியானால் படத்துக்கு வயது உங்களுக்கே தெரியும்.

சரி, பழைய படத்தில் என்ன லாபம்? இந்த இதழை வாசிப்பவர்களில் சிலராவது வரும் வருடத்தில் மனை வாங்குவீர்கள். குமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. நெய்யூர் இருக்கும் தாலுகாவின் பெயரிலேயே குளம் இருக்கிறது, கல்குளம். குளத்தோரமும் வயலும் மண் அடித்து நிரப்பப்பட்டு மனைகளாகிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். புரோக்கர் உங்களைக் கூட்டிப் போகும்போது அந்த இடம் சமமாக, செம்மண் பரப்பி, மூலைக்கு மூலை கல் நட்டு, அழகாக இருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் அது என்னவாக இருந்தது என்று அவர் சொல்ல மாட்டார். கூகுள் எர்த் சொல்லும்.

கூகுள் எர்த் ப்ரோவில் மேலே கடிகாரப் படம் போட்ட ஐகான் இருக்கும். 2009-ல் வந்த வசதி இது. அதைக் கிளிக் செய்தால் ஒரு ஸ்லைடர் வரும். இடது பக்கம் இழுக்க இழுக்க வருடங்கள் பின்னால் போகும். நீங்கள் பார்த்த மனை 2012-ல் வயலா, தோப்பா, தண்ணீரா என்று வரிசையாகப் பார்க்கலாம். கூகுள் எர்த்தை பிரவுசரில் பார்ப்பவர்களுக்கும் 2024 முதல் இந்த வசதி வந்துவிட்டது. நிரப்பிய குளத்தில் கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரம் உட்காரும், மழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும். அது அரசுக் குளத்தின் பகுதியாக இருந்தால் ஆக்கிரமிப்பு அகற்றும் 2007-ம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைப் போடுவதற்கு முன் பத்து நிமிடம் ஸ்லைடரை நகர்த்துவதில் நஷ்டம் இல்லை.

ஆனால் ஒரே ஒரு பழைய படத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய குளம் மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளி மாதிரி இருக்கும். கன்னிப்பூ நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலோ குளம் மாதிரி மின்னும். ஐந்தாறு தேதிகளை ஒப்பிட்டால்தான் எது எது என்று பிடிபடும். போதாவிட்டால் சென்டினல்-2 படங்களைப் பாருங்கள். கோப்பர்நிகஸ் பிரவுசர் என்று தேடினால் கிடைக்கும், இலவசம். 2015 முதல் உள்ள படங்களைக் காலண்டரில் தேதி தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஒரு பிக்ஸெல் 10 மீட்டர். ஐந்து சென்ட் மனை அதில் இரண்டே புள்ளிதான். ஆனால் ஒரு ஏக்கர் குளம் 40 புள்ளி, தாராளமாகத் தெரியும். இஸ்ரோவின் புவன் தளமும் 2009 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. கூகுளின் வழுவழுப்பை அதில் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் நம் சாட்டிலைட் படங்களை அதில் பார்க்கலாம்.

இப்படி எல்லாம் தெரிவது ஆபத்து இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஜனாதிபதியாக இருந்தபோது அப்துல் கலாமே 2005 அக்டோபரில் ஐதராபாத்தில் போலீஸ் அதிகாரிகளிடம் பேசும்போது இதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். அணைகள், ராணுவ இடங்கள் விஷயத்தில் அது நியாயமான கவலை. உங்கள் வீட்டு மாடியைப் பொறுத்தவரை, இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தை வைத்துத் திருடன் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

எல்லைத் தகராறுக்கு மட்டும் இந்தப் படங்களைத் தயவுசெய்து இழுக்க வேண்டாம். சாட்டிலைட் பெரும்பாலும் நேர் கீழே பார்ப்பதில்லை, சாய்ந்து பார்க்கிறது. கட்டடமும் தென்னையும் ஒரு பக்கம் சாய்ந்து தெரிவது அதனால்தான். அதைத் திருத்தி ஒட்டிய பிறகும் படம் சில மீட்டர் தள்ளி அமையலாம். ஸ்லைடரை நகர்த்தும்போது உங்கள் வீடே லேசாக இடம் மாறுவதைக் கவனியுங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து சென்ட் சதுர மனையின் ஒரு பக்கம் சுமார் 14 மீட்டர். படம் 3 மீட்டர் தள்ளியிருந்தால் 42 சதுர மீட்டர் பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் போய் விழும். அது ஒரு சென்ட்டுக்கும் கொஞ்சம் கூடுதல். எல்லைக்கு எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம்தான் கணக்கு. தமிழ்நாடு அரசின் நில ஆவணத் தளத்தில் சர்வே எண் கொடுத்தால் அதுவும், பட்டாவும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் கிடைக்கின்றன. மூன்றையும் எடுத்துக்கொண்டு, பணம் கட்டி சர்வேயரை வரவழையுங்கள். அவர் சங்கிலி பிடிக்கும்போது கூகுள் மேப் பிரிண்ட் அவுட்டை நீட்டினால் வாங்கிப் பார்க்க மாட்டார்.