அடுத்த பாகம் எங்கே?

வளரிளம் பருவத்தினருக்கு எந்த நூலைத் தருவது என்னும் வினா எழுந்தால், நம் கை முதலில் நீதி நூல்களையும் பெரியோர் வரலாறுகளையுமே நாடுகிறது. அவை வேண்டியவையே. ஆயினும் பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஊணும் உறக்கமும் மறந்து படிக்க வைப்பவை துப்பறியும் கதைகளும் வரலாற்றுப் புனைவுகளும் மாயக் கதைகளுமே. பலர் விரும்புவதனாலேயே ஒரு நூலைத் தாழ்ந்ததென ஒதுக்குவது பெரும்பிழை.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த வெகுமக்கள் கதையே. ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் வந்தியத்தேவனோடு புறப்படும் இளம் வாசகர், ஐந்து பாகங்களையும் முடிக்காமல் குதிரையை விட்டு இறங்குவதில்லை. அதில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வாதம் இன்றளவும் ஓயவில்லை. சான்றுகளை எடைபோடும் பயிற்சியை இவ்வளவு இன்பமாக எந்தப் பாடநூல் தந்திருக்கிறது? தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலும், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயும் இவ்வாறே பலரை வாசிப்புக்குள் அழைத்து வந்தவர்கள்.

தேர்வில் விழிப்பும் வேண்டும். 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹாரி பாட்டர் வரிசையில், நாயகனுக்கு வயது ஏற ஏறக் கதையில் இருளும் இறப்பும் மிகுகின்றன. பதினொரு வயதுக்கு ஏற்ற முதல் நூலைக் கண்டு வரிசை முழுவதையும் அளந்துவிடலாகாது. கொடுப்பவர் தாமும் படித்திருக்க வேண்டும். பெண்ணை இழிவுசெய்யும் பகுதியோ வன்முறையோ குறுக்கிட்டால், நூலைப் பறிப்பதினும் அதைப் பற்றிப் பிள்ளையோடு பேசுவதே தக்கது.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்பதைச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931ஆம் ஆண்டிலேயே நூலக விதியாக வகுத்தார். இந்திய மாநிலங்களுள் முதலாவதாக 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றியதும் சென்னை மாகாணமே. சொத்துவரியோடு மக்கள் இன்றும் நூலக வரி செலுத்துகின்றனர். அவ்வாறிருக்க, இரண்டாம் பாகத்தை முடித்து ஆவலோடு வரும் பிள்ளையிடம் மூன்றாம் பாகம் இல்லையென்று கைவிரிப்பது அறமாகாது. அரைகுறையாய் நிற்கும் தொடர், பல வேளைகளில் வாசிப்பையே நிறுத்திவிடுகிறது.

நூல் கொள்முதல் செய்வோர் தொடர்களை முதற்பாகம் முதல் இறுதிப்பாகம் வரை முழுமையாக வாங்குக. சிற்றூர்க் கிளை நூலகங்களுக்கும் அவ்வாறே அனுப்புக. பட்டியல் வகுக்குமுன் அந்த வயதுப் பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்டறிக.