மூன்றாம் ஆண்டின் விலை

பத்து காவானில் ஒரு காலத்தில் கரும்பு விளைந்தது. பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்தன. இன்று அங்கே தொழிற்பேட்டையும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்து நிற்கின்றன. 2014 மார்ச் முதல் நாள் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளப் பாலம் அவ்வூரைப் பினாங்குத் தீவோடு இணைத்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்க விரும்பும் காலமும் வந்துவிட்டது. மகிழத்தக்கதே. வருந்தத்தக்கது, அவர்களுக்குப் பெரியோர் காட்டும் வழி.

ஈராண்டு உள்நாட்டுத் தனியார் கல்லூரியில், மூன்றாம் ஆண்டு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் என்பது அவ்வழி. அவ்வாறு இடம் மாறிப் படித்தவரே மதிப்புடைய வழக்கறிஞர் என்னும் நம்பிக்கை ஊரில் வேரூன்றியிருக்கிறது. தந்தையின் சேமநிதியும் தாயின் நகையும் அந்த ஓராண்டில் கரைகின்றன. கிடைக்கும் பயன் யாது?

முன்பு வேறு வழியில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டப்புலம் தோன்றியதே 1972-இல்தான். பினாங்கில் பிறந்த கர்ப்பால் சிங்கும் சிங்கப்பூர் சென்றே சட்டம் பயின்றார். அன்றைய தேவை இன்று வெறும் பெருமையாகத் தொடர்வதே கேடு.

1984 முதல் சி.எல்.பி. என்னும் தொழில் தேர்வு நடைபெற்று வருகிறது. இங்கிலாந்துப் பட்டத்தோடு திரும்புவோர் அதன் ஐந்து தாள்களையும் எழுதியாக வேண்டும். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டத்தை உள்ளூரிலிருந்தே பெற்றவரும் அதே வினாத்தாளுக்குத்தான் விடை எழுதுகிறார். தேறியபின் இருவருக்கும் அதே ஒன்பது மாதப் பயிற்சி. (அங்கேயே பாரிஸ்டராகித் திரும்புவோருக்கு விலக்குண்டு, அதற்கு மற்றுமொரு பெருஞ்செலவு!) விமானம் ஏறியதால் ஒரு தாளும் குறைந்தபாடில்லை.

பாடத்தை நோக்கினும் நிலை இதுவே. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தைத் தழுவியது. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டமோ தென் ஆஸ்திரேலியாவில் பிறந்த டோரன்ஸ் முறையின்மேல் நிற்பது. பதிவேட்டில் எவர் பெயரோ அவரே உடையவர் என்பது அதன் உயிர்நாடி. குளுகோரை அடுத்த கம்போங் புவா பாலாவில் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் வீடுகள் 2009-இல் இடிக்கப்பட்டன. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை; நிலம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருந்தது. அத்தகைய வழக்கைத் தாங்கும் வழக்கறிஞர்கள் அல்லவா தோட்ட மக்களுக்கு வேண்டும்? அவர்களுக்குரிய நிலச் சட்டத்தைக் கார்டிப் நகரத்துப் பனியில் தேடுவதா?

“உலகம் காண வேண்டாமா?” என்பர். காணட்டும். வேற்றுச் சட்டப்புலத்தில் ஒரு பருவம் தங்கி, வாதப் போட்டியில் நின்று, நூலகத்தில் அமர்ந்து திரும்புவது நற்கல்வியே. வசதியுடையோர் ஓராண்டும் இருந்து வரட்டும். கடன்பட்டேனும் போயாக வேண்டும் என்று தோட்டக் குடும்பத்தின் தலையில் அதனைச் சுமத்துவதுதான் கொடுமை.

பத்து காவானுக்கு வடக்கே, கெடா மாநிலத்துச் சிந்தோக்கில், உத்தாரா பல்கலைக்கழகம் சட்டம் கற்பிக்கிறது. அதன் சட்டப் பட்டதாரிகள் சி.எல்.பி. எழுத வேண்டியதில்லை. எத்தனை ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைக்கின்றனர்? பொதுப் பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவது எளிதன்று என்பதை மறுப்பார் இலர். ஆயின், அவ்விடத்துக்காகக் குரல் எழுப்ப வேண்டிய சங்கங்கள் வழியனுப்பு விழா எடுத்து மாலை சூட்டுகின்றன. சென்ற பிள்ளை திரும்பி வந்து, சி.எல்.பி.யில் தவறி, மறு ஆண்டும் எழுத அமரும்போது மாலையோடு வருவார் எவரையும் காணோம்.