பட்டினி போட்டு வாங்கும் நிறம்

இங்கே சிங்கப்பூரில் வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கும் ரெண்டு பேர் சந்தித்துக்கொண்டால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "பாஸ்பேட் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். "ஜீரோ ப்ரோ" என்று பதில் வந்தால் உடனே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. என் சண்டை அந்த ஜீரோவோடுதான்.

பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் எண்ணற்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தில் சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளம் தன் கழிவைப் பாசிக்கு உரமாகக் கொடுக்கும். இந்தப் பாசியின் நிறம் பழுப்பு. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எக்கச்சக்கமாக ஏறினால் பாசி பெருகிப் பவளத்தின் சொந்த நிறத்தை மூடிவிடும். ஆசையாக வாங்கிய நீல அக்ரோபோரா காப்பித்தண்ணி நிறத்துக்கு வந்து நிற்கும்.

இதைப் பார்த்து மிரண்டவர்கள் மறுகோடிக்கு ஓடினார்கள். ஸ்கிம்மரைப் பெரிதாக்கினார்கள். இரும்பு ஆக்சைடு குருணை போட்டு பாஸ்பேட்டை உறிஞ்சினார்கள். தொட்டியில் வோட்கா ஊற்றினார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லைங்க, நிஜமாகவே வோட்கா. அதிலுள்ள கார்பனைத் தின்று பாக்டீரியா பெருகும். பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் நுரையோடு வெளியே தள்ளும். நல்ல உத்திதான், நிறுத்தத் தெரிந்தவர் கையில்.

ஆனால் யாரும் நிறுத்துவதில்லையே! பாசி குறையக் குறைய பவளம் வெளிறி, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், எலுமிச்சை மஞ்சள் என்று மினுங்க ஆரம்பிக்கிறது. நீல விளக்கின் கீழ் படம் எடுத்துப் போட்டால் லைக் குவிகிறது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவதில் நமக்குப் பழக்கம் அதிகம்.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மானின் பவள ஆய்வகம் 2020இல் இந்த மினுக்கத்தின் காரணத்தை விளக்கியது. உள்ளிருக்கும் பாசி குறைந்தால் வெளிச்சத்தை விழுங்க ஆளில்லை. அது வெள்ளை எலும்புக்கூட்டில் பட்டு, சதைக்குள் திரும்பத் திரும்பச் சிதறுகிறது. அந்தக் கூடுதல் நீல ஒளி தூண்டிவிட, பவளம் நிறமிகளை அள்ளித் தயாரிக்கிறது. வெயிலுக்குக் குடை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இதே நிறத்தைப் பார்த்தால் ஆய்வாளர்கள் கவலையோடு குறிப்பெடுக்கிறார்கள். வரவேற்பறையில் பார்த்தால் நாம் "செம கலர்!" என்கிறோம்.

"கடல்லயே அப்படித்தானே இருக்கு? பவளப்பாறைத் தண்ணி சுத்தமாத்தானே இருக்கும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பவளக்கடலில் கரைந்திருக்கும் சத்து மிகக் குறைவு. ஆனால் கரைந்திருப்பது வேறு, வந்து சேருவது வேறு. அங்கே இரவெல்லாம் மிதவையுயிர்கள் அலையோடு வந்து பவளத்தின் வாயில் விழுகின்றன. மீன் கூட்டம் கிளைகளுக்கு நடுவே தங்கி, அங்கேயே அம்மோனியாவைக் கழிக்கிறது. அந்தச் சாப்பாட்டை எல்லாம் விட்டுவிட்டு, கடலின் அளவுமானி எண்ணை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மளிகைக் கடைக்காரர் வீட்டு அலமாரி காலியாக இருக்கிறது என்று நம் வீட்டு அலமாரியையும் காலியாக வைப்பது மாதிரி.

இதில் பாஸ்பேட்டை மட்டும் துடைத்தெடுத்து நைட்ரேட்டை விட்டுவைப்பது இன்னும் மோசம். நைட்ரஜன் இருப்பதால் பாசி வளரப் பார்க்கும், பாஸ்பரஸ் இல்லாமல் அதன் செல்சவ்வு பலவீனமாகும். அப்போது சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்காமல் பவளம் வெளுத்துப்போகும். இதைச் சொன்னதும் அதே ஆய்வகம்தான், 2013இல். ரெண்டையும் ஜீரோவாக்கினால் வேறொரு விருந்தாளி வருவார்: டைனோஃப்ளாஜெல்லேட். மணல்மேல் பழுப்பு மூக்குச்சளி மாதிரி படரும். ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது.

அழுக்குத் தண்ணீருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. என் தொட்டியில் நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1. எண்ணைவிட அது ஆடாமல் நிற்பதுதான் எனக்கு முக்கியம். இந்த அளவில் நிறம் அடர்த்தியாக இருக்கும், மினுங்காது. "டல்லா இருக்கே" என்கிறார்கள். இருக்கட்டும்.

விற்பவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. சத்தை எடுக்க ஒரு பாட்டில் விற்கிறார்கள். பவளம் வெளிறியதும் நைட்ரேட் சேர்க்க இன்னொரு பாட்டில். ரெண்டுக்கும் நாம்தான் காசு. அந்தக் காசுக்கு நடுவே கிடந்து வதைபடுவது ஒரு உயிர். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்களை 2001இலேயே காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அதனால் "நானும் ஒண்ணு வைக்கலாமா?" என்று கேட்கும் சென்னை நண்பர்களுக்கு என் பதில்: கூடாது. இங்கே சட்டம் அனுமதிக்கிறது. பட்டினி போடவும் சேர்த்தே அனுமதித்ததாக நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் டெஸ்ட் கிட் இன்றைக்கு ஜீரோ காட்டினால் முதலில் கண்ணாடியைப் பாருங்கள். பாசி மண்டியிருந்தால் சத்தை அதுவே தின்றுகொண்டிருக்கலாம். அப்படி இல்லையென்றால் குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். மீனுக்கு இன்னொரு வேளை தீனி போடுங்கள். மாற்றம் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை படம் எடுக்க வேண்டாம்.