கேரட் வேண்டாம், பால் வேண்டாம்... முயல் குட்டிக்கு என்னதான் கொடுப்பது? | வீட்டுச் செல்லம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு மிக்ஸி ஜார் வாங்கப் போன அப்பா, திரும்பி வரும்போது கையில் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். திறந்தால் உள்ளே இரண்டு முயல் குட்டிகள். ஒன்று வெள்ளை, இன்னொன்று சாம்பல். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. வெள்ளைக்கு 'பஞ்சு', சாம்பலுக்கு 'மேகம்' என்று அப்போதே பெயரும் வைத்தாகிவிட்டது.

"என்னப்பா கொடுக்கணும் இதுக்கு?"

"கேரட்தான்மா. பாலும் ஊத்தலாம்னு விக்கிறவர் சொன்னாரு."

அன்றிரவே விருந்து ஆரம்பமானது. துருவிய கேரட், ஒரு மூடியில் பசும்பால், முட்டைகோஸ், போதாததற்கு ஒரு பிஸ்கட். குட்டிகளும் ஆசையாகத்தான் சாப்பிட்டன. ஞாயிற்றுக்கிழமை இரண்டுக்கும் வயிற்றுப்போக்கு. திங்கட்கிழமை காலை, மேகம் பெட்டியின் மூலையில் அசையாமல் கிடந்தது. கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் அதைப் புதைத்துவிட்டு வந்து பார்த்தால், பஞ்சுவும் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அதே அட்டைப்பெட்டியோடு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்.

முயல் குட்டி வாங்கும் பல வீடுகளில் முதல் வாரம் இப்படித்தான் போகிறது. பாசத்துக்குக் குறைவே இல்லை. என்ன கொடுப்பது என்று தெரியாததுதான் சிக்கல்.

எத்தனை நாள் குட்டி?

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அப்பாவிடம் பதில் இல்லை. குட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த மருத்துவர் சொன்னார்: "நாலு வாரம்தான் சார் இருக்கும். இன்னும் ஒரு மாசம் தாய்கிட்ட இருந்திருக்கணும்."

முயல் குட்டிக்குக் கண் திறக்கவே 10 முதல் 12 நாள்கள் ஆகும். மூன்றாவது வாரத்தில் புல்லைக் கொறிக்கப் பழகும். தாய்ப்பாலை முழுமையாக மறக்க 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அந்தப் பாலில் கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால், அதற்கு முன்பே பிரிக்கப்படும் குட்டியின் குடல் எளிதில் நோய்க்கு இடம் கொடுத்துவிடும். கையில் வைத்தால் 'அய்யோ, எவ்வளவு குட்டி!' என்று தோன்றினால், அது தாயைப் பிரியும் வயதுக்கு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். வாங்குவதாக இருந்தால் 8 வாரம் முடிந்த குட்டியாகக் கேளுங்கள். கண், மூக்கில் நீர் வடியக் கூடாது. காதுக்குள் பொருக்கு இருக்கக் கூடாது. வால் பகுதி உலர்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும்.

பால் கொடுத்தால் என்ன ஆகும்?

முயலின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் குறைவு. பசும்பாலில் இது தலைகீழ். அதனால்தான் பசும்பால் குடித்த குட்டிக்கு வயிறு உப்புகிறது, பேதி ஆகிறது.

புல் சாப்பிடத் தொடங்கிய குட்டிக்குப் பாலே தேவையில்லை. சுத்தமான தண்ணீர் போதும். கண்கூடத் திறக்காத குட்டி கைக்கு வந்துவிட்டால் மட்டும், பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடரை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்ந்த நிலையில், சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்க வேண்டும்.

புல்தான் அதன் சோறு!

கார்ட்டூன் பார்த்து வளர்ந்த நமக்கு முயல் என்றாலே கேரட்தான் ஞாபகம் வரும். உண்மையில் கேரட்டில் சர்க்கரை அதிகம். வளர்ந்த முயலுக்கே எப்போதாவது விரல் நுனி அளவு கொடுத்தால் போதும். சாப்பாட்டில் 80 சதவிகிதத்துக்கு மேல் புல்லும் உலர்ந்த புல்லுமாகத்தான் இருக்க வேண்டும். தினமும் அதன் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் புல் கண் முன்னே இருக்கட்டும்.

காரணம் இரண்டு. முயலின் முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் பற்கள் தேய வேண்டும். இரண்டாவது, முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது நகர்ந்துகொண்டே இருக்க நார்ச்சத்து வேண்டும்.

புல்லுக்கு எங்கே போவது? பெட் ஷாப்களிலும் ஆன்லைனிலும் டிமோத்தி என்ற உலர்புல் கிடைக்கிறது. கிராமத்துப் பக்கம் இருப்பவர்களுக்குச் செலவே இல்லை. அருகம்புல், கினியா புல், தீவனத்துக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் எல்லாமே ஆகும். 'முயல் மசால்' என்று ஒரு தீவனப் பயிருக்குப் பெயரே இருக்கிறது! குதிரை மசாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் என்பதால் வளரும் குட்டிக்கு நல்லது. ஆறு, ஏழு மாதமானதும் அதைக் குறைத்துவிட வேண்டும். வைக்கோல் படுக்கைக்குச் சரி, அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது.

சாலையோரப் புல், பூச்சி மருந்து அடித்த வயல் புல், ஈரத்தோடு கட்டி வைத்துப் பூஞ்சை பிடித்த புல் மூன்றும் ஆகாது. பறித்த புல்லைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.

பெல்லட், கீரை, தண்ணீர்

முதல் ஒரு வாரம், விற்றவர் என்ன தீவனம் போட்டாரோ அதையே தொடருங்கள். பிறகு ஏழு முதல் பத்து நாள்களில், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மெதுவாக மாற்றுங்கள். திடீர் மாற்றம்தான் குட்டிகளின் முதல் எதிரி. முயலுக்கான பெல்லட்டைக் குட்டிக்குத் தாராளமாக வைக்கலாம். வளர்ந்த பிறகு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும்.

கீரைக்கு 12 வாரம் வரை பொறுத்திருங்கள். பிறகு கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை என ஒவ்வொன்றாக, ஒரு சிட்டிகை அளவில் ஆரம்பியுங்கள். இன்று கொடுத்த கீரைக்கு நாளை புழுக்கை இளகினால், அதை நிறுத்திவிடுங்கள்.

சோறு, இட்லி, பிரெட், பிஸ்கட், சாக்லேட், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ... எதுவும் கூடாது. தண்ணீரைக் கவிழாத மண் கிண்ணத்தில் வைத்துத் தினமும் மாற்றுங்கள்.

தன் புழுக்கையைத் தானே தின்கிறதா?

மருத்துவர், பஞ்சுவின் கழிவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. குட்டி முயல்களை அதிகம் கொல்லும் நோய்களில் ஒன்று. மருந்து, தோலுக்கடியில் குளுக்கோஸ், குளிராமல் இருக்கத் துணிச்சூடு. நான்காவது நாள் பஞ்சு ஒரு புல்லை இழுத்து மென்றது.

அதற்கடுத்த வாரம் வேறொரு கலவரம். அதிகாலையில் பஞ்சு குனிந்து, தன் பின்பக்கத்திலிருந்தே எதையோ எடுத்துத் தின்பதை மகள் பார்த்துவிட்டாள். "சீ... என்ன கண்றாவி இது?" என்றார் பாட்டி. பதறிப்போய் மருத்துவருக்கு போன் போட்டால், அவர் சிரித்தார். "அது நல்ல செய்திம்மா. வயிறு வேலை செய்யுது. தடுக்காதீங்க."

முயல் இரண்டு விதமாகக் கழிவு போடும். உருண்டையான, காய்ந்த புழுக்கை ஒன்று. திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டு, பளபளப்பாக வருவது இன்னொன்று. புல் முதல் சுற்றில் முழுதாகச் செரிக்காது. குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் புரதமும் பி வைட்டமின்களும் அந்த இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன. மாடு அசை போடுவதுபோல, முயல் அதை மறுபடியும் சாப்பிட்டுச் சத்தை எடுத்துக்கொள்கிறது.

வெயில் ஜாக்கிரதை

நாம் வளர்க்கும் முயல்களின் பூர்விகம் ஐரோப்பா. நம்மைப்போல வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ள அதனால் முடியாது. காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 28 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். கொடைக்கானல் மன்னவனூரிலும் ஊட்டி பக்கமும் முயல் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையங்கள் இருப்பதற்கு அந்தக் குளிரும் ஒரு காரணம்.

மொட்டை மாடிக் கூண்டும் தகரக் கூரையும் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள், காற்றோட்டமான, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். கோடையில் தரை ஓடு ஒன்றையும், துணி சுற்றிய ஐஸ் தண்ணீர் பாட்டிலையும் பக்கத்தில் வைத்தால் தானே போய்ச் சாய்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் வழிந்தாலோ, சாதாரண தண்ணீரால் காதுகளை நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

கம்பி வலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும். மேலே பாயோ பலகையோ போடுங்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் காது மேலே இடிக்காத உயரம் வேண்டும். முயல் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கப் பழகும். அங்கே பேப்பரும் வைக்கோலும் போட்ட ஒரு தட்டை வைத்தால் சுத்தம் செய்வது சுலபம். வெளியே விடும்போது செல்போன் சார்ஜர் ஒயரை மறைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கடித்துவிடும்.

காதைப் பிடித்துத் தூக்காதீர்கள்

ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில். இப்படித்தான் தூக்க வேண்டும். பயந்து உதைத்தால் முதுகெலும்பே முறியலாம். சின்னக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துக் கொஞ்சட்டும். வந்த முதல் இரண்டு, மூன்று நாள்கள் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவது இன்னும் நல்லது. குளிப்பாட்டவே கூடாது. அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

12 மணி நேரம்தான்!

நாய் ஒருநாள் சாப்பிடாவிட்டால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விடலாம். முயலில் அப்படி முடியாது. 12 மணி நேரம் சாப்பிடவில்லை, அல்லது புழுக்கை போடவில்லை என்றால் அவசர நிலை. பேதி, வயிறு உப்புவது, பல்லை நறநறவெனக் கடிப்பது, காது சில்லென்று இருப்பது எல்லாமே ஆபத்தின் அறிகுறிகள். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. நமக்குச் சாதாரணமான அமாக்ஸிசிலின், வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும். நாய்க்கு உண்ணிக்காக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம்தான்.

ஜோடியா வாங்கலாமா?

முயல் துணை தேடும் பிராணிதான். ஆனால், ஆணும் பெண்ணுமாக வாங்கினால் நான்காவது மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடலாம். சினைக்காலம் 30, 31 நாள்கள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினையாகும். 'ரெண்டும் பெண்' என்று விற்பவர் சொன்னாலும், மூன்று மாதத்தில் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. வயல்வெளியில் கிடைத்தது என்று காட்டு முயல் குட்டியைத் தூக்கி வராதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தனியாகக் கிடப்பதால் அது அநாதையும் இல்லை. தாய் இரை தேடப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும்.

பத்து வருட சொந்தம்

நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் 8 முதல் 10 வருடங்கள் இருக்கும். ஆறாம் வகுப்புக் குழந்தைக்கு வாங்கித் தரும் முயல், அந்தக் குழந்தை காலேஜ் போகும்போதும் வீட்டில் இருக்கும். வாங்குவதற்கு முன் பெரியவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

பஞ்சுவுக்கு இப்போது நான்கு மாதம். 'கண்றாவி' என்று சொன்ன அதே பாட்டி, கறிவேப்பிலைச் செடியைச் சுற்றி அருகம்புல் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். மேகத்தைப் புதைத்த இடம் அது. காலையில் ஸ்கூல் வேன் வருவதற்குள் ஒரு பிடி பறித்துக் கழுவி வைப்பது மகளின் வேலை. சந்தைக்குப் போகும்போது அப்பா மறுபடியும் முயல் விற்கும் இடத்தில் நின்றாராம்.

"வாங்குறதுக்கு இல்ல... 'பால் ஊத்துங்க'ன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

*அடுத்த வாரம்: லவ் பேர்ட்ஸ் கூண்டை வீட்டில் எங்கே மாட்டக் கூடாது?*