படகுக்குப் பூச்சு

சென்ற மாதம் ஒரு நேயர் கடிதம் எழுதியிருந்தார். வீட்டுக் கொல்லையில் பத்தடி நீளத்தில் ஒரு சிறு மரப்படகு கட்டி வருகிறாராம். அதற்கு எபாக்சிப் பிசின் எத்தனை பூச்சுப் பூச வேண்டும் என்பது அவருடைய கேள்வி. "மூன்று" என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மனம் சமாதானம் அடையவில்லை. அவர் கேட்காமல் விட்ட கேள்விகள் சில உண்டு. என் காலத்தில் நானும் அவற்றைக் கேட்காமல் விட்டேன். அதற்கு விலையாக ஒரு படகு போயிற்று. என் அக்காள் மகன் ஆசையாய்க் கற்றுக்கொண்ட ஒரு வேலையும் போயிற்று.

இந்தப் பிசினின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1930-களில் பியர் காஸ்தான் என்ற சுவிஸ் ரசாயனி பல் கட்டுவதற்கு ஏற்ற பொருள் ஒன்றைத் தேடப் போய் இதைக் கண்டார். பல்லைவிடப் பசைக்கே அது அதிகமாகப் பயன்பட்டது. மரப்படகுக்கு அதை முழு அளவில் பிரயோகித்துப் புகழ் பெற்றவர்கள் அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துப் பே சிட்டியைச் சேர்ந்த கூஜன் சகோதரர்கள். 1970-ல் அவர்கள் தண்ணீரில் இறக்கிய 'அடாஜியோ' என்ற 35 அடிப் பாய்க்கப்பலில் பலகையோடு பலகையைச் சேர்த்ததும் பிசினே. மரத்தை உள்ளும் புறமும் மூடியதும் பிசினே. நாற்பது ஆண்டு கழித்தும் அந்தக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் படகு கட்டுவோர் இப்பொழுது கைக்கொள்ளும் முறையோ, பிளைவுட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து இடுக்குகளைப் பிசினாலும் கண்ணாடி இழை நாடாவாலும் அடைப்பது. 1963-ல் இங்கிலாந்தில் வெளிவந்த 'மிரர்' என்ற சிறு படகு இம்முறையைப் பிரபலமாக்கியது. அதில் 70,000-க்கு மேல் கட்டிவிட்டார்கள். தென்னங்கயிற்றால் பலகை தைத்து அலைமேல் மசூலாப் படகு ஓட்டிய சோழமண்டலக் கரைக்காரர்களுக்குத் தையல் ஒன்றும் புதிதல்ல, பிசின்தான் புதிது.

என் முதற் படகுக்கு வருகிறேன். வெளிப்புறத்துக்கு ஐந்து பூச்சு, அதன்மேல் வார்னிஷ். முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. ஊரார் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெரு ஆசாரி மட்டும் படகைச் சுற்றி வந்து, துடுப்பு செருகும் வளையத்தின் திருகாணியை விரலால் தொட்டுக் காட்டினார். "வாத்தியார் ஐயா, மேலே பூசினது இருக்கட்டும். இந்தத் துளைக்குள்ளே என்ன பூசினீர்கள்?" என்றார். நான் சிரித்தேன். படித்தவன் சிரிக்கிற சிரிப்பு அது.

பூச்சு எதற்கு என்பதே எனக்கு விளங்கியிருக்கவில்லை. மினுக்குக்காகவும் அன்று, பலத்துக்காகவும் அன்று. மரத்திலுள்ள ஈரம் ஏறாமலும் இறங்காமலும் ஒரே அளவில் நிற்பதற்காகவே அது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் ஈரம் இல்லாத மரத்தை எல்லாப் பக்கமும் மூடிவிட்டால் அது உளுத்துப்போக வழியில்லை. உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு அதைவிட அதிக ஈரம் வேண்டும். ஆனால் ஒரு திருகாணித் துளையின் வழியாக நீர் உள்ளே நுழைந்துவிட்டால், சுற்றியுள்ள பூச்சே அதை வெளியேற விடாமல் காவல் காக்கிறது! பூசாத மரம் வெயிலில் உலர்ந்தாவது பிழைக்கும். அரைகுறையாகப் பூசிய மரத்துக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. இரண்டாவது மழைக்காலம் கழிந்து பார்த்தபோது, அந்தப் பளபளப்பின் கீழ்ப் பலகை ஊறின ரொட்டிபோல் இருந்தது. கட்டை விரல் உள்ளே போயிற்று.

இப்பொழுது திருகாணி வேண்டிய இடத்தில் வேண்டியதைவிடப் பெரிய துளையிடுகிறேன். மெல்லிய மரத்தூள் கலந்து கெட்டியாக்கின பிசினால் அதை நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே சிறு துளையிடுகிறேன். திருகாணி பிசினில் நிற்கும், மரத்தைத் தொடாது. பிளைவுட்டின் வெட்டு ஓரங்கள் வைக்கோற் கட்டின் முனை மாதிரி குடித்துக்கொண்டே இருக்கும். அவை குடிப்பதை நிறுத்தும் மட்டும் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். உட்கார் பலகையின் அடிப்புறம், காற்றறையின் உட்புறம் ஆகியவற்றை மூடுவதற்கு முன்பே மூன்று பூச்சும் முடித்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பாகத்தைப் பற்றி நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதை எல்லாரும் நன்றாகவே பூசுகிறார்கள்.

கலப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இது காய்ந்து இறுகும் வர்ணம் அன்று. பிசினும் ஹார்டனரும் அணுக்கூட்டத்தோடு அணுக்கூட்டமாய்க் கைகோத்து இறுகுபவை. ஒன்றுக்கு ஐந்தோ இரண்டோ, டப்பாவில் எந்த விகிதம் போட்டிருக்கிறதோ அது பிசகக் கூடாது. அது கன அளவா எடையா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. பைபர் படகு வேலை தெரிந்தவர்கள் சீக்கிரம் இறுக வேண்டுமென்று இறுக்கும் மருந்தைச் சற்றுக் கூட்டுவார்கள். பாலியெஸ்டர் பிசினுக்கு அது ஓரளவு செல்லும். எபாக்சியில் அப்படிச் செய்தால் ஜோடி கிடைக்காத ஹார்டனர் பிசுபிசுப்பாகவே தங்கிவிடும். கலந்ததை உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுவது நலம். சித்திரை மாதத்தில் ஒரு பிளாஸ்டிக் குவளை நிறையக் கலந்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் குவளை புகைந்து உருகியிருந்தது. என் மனைவி அன்று முதல் அந்தக் கொட்டகைக்கு அருகில் விறகு வைப்பதில்லை.

பூசும் வேளையில்தான் மேல்நாட்டுப் புஸ்தகங்களோடு எனக்கு வழக்கு. மரம் சூடேறும்போது அதன் நுண்துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளிவந்து, பூச்சில் கொப்புளம் கொப்புளமாய் நிற்கும். ஆகையால் சூடு இறங்கும் நேரத்தில் பூசு என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் கடற்கரை ஊரில் சூடு இறங்க இறங்கக் காற்றில் ஈரம் ஏறுகிறதே! ஈரக்காற்று பட்டால் பிசின்மேல் மெழுகு பூசினாற்போல் ஓர் ஆடை படியும். ஆகவே நான் நிழலில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, பனி இறங்குமுன் முடித்துவிடுகிறேன். ரோலரால் மெல்லியதாக உருட்டிவிட்டுப் பிரஷ்ஷின் நுனியால் ஒரே திசையில் தடவினால் குமிழிகள் உடைந்துவிடும். முந்தினது விரலில் ஒட்டாமல், ஆனால் விரற்குறி பதியும் பக்குவத்தில் இருக்கும்போதே அடுத்த பூச்சைக் கொடுத்துவிட்டால் தேய்க்க வேண்டியதில்லை. இரவு கடந்துவிட்டதா? முதலில் வெறும் தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த மெழுகாடை தண்ணீரில் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அதையே உள்ளே தேய்த்து இறக்கியதாகும்; அடுத்த பூச்சு உரிந்து வரும். எல்லாம் முடிந்ததும் வெயிலைத் தடுக்கும் வார்னிஷோ வர்ணமோ அவசியம். எபாக்சிக்கு நீர் பகையன்று; சூரியன்தான் பகை.

இனி, சொல்ல மனம் வராத விஷயம். இரண்டாம் படகை நானும் அக்காள் மகனும் சேர்ந்து கட்டினோம். கல்லூரி விடுமுறையில் வந்த பையன், என்னைவிட நேர்த்தியான கை. வெயிலில் கையுறை வியர்க்கிறது என்று அவன் கழற்றி வைத்தபோது, "பரவாயில்லை, தின்னரில் கழுவிக்கொள்" என்றவன் நான்தான். தின்னர் பிசினைக் கரைத்துத் தோலுக்குள் இன்னும் சுலபமாய்ச் செலுத்தும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் அவன் மணிக்கட்டெல்லாம் கொப்புளம். கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொண்டன. டாக்டர் பார்த்துவிட்டு, இந்தப் பொருளை உடம்பு பகையாக எண்ணிவிட்டது, இனி இதன் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு முறை உடம்பு அப்படித் தீர்மானித்தால் ஆயுசுக்கும் மாறுவது அபூர்வம். இறுகாத பிசினும், சரியாக இறுகாததைத் தேய்க்கும் தூசியும்தான் ஆபத்து. கையுறையும் மூக்குக் கவசமும் போட்டு, தோலில் பட்டதைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவியிருந்தால் போதும். அக்காள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நம் நாட்டுக் கடற்கரைகளில் மரப்படகுக்கு முந்திரிக்கொட்டையின் தோட்டு எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். அதுவும் கையைப் புண்ணாக்கும் சரக்கே. பண்ணுருட்டிப் பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனால் என்ற பொருளைக் கொண்டு எபாக்சிக்கு ஒரு வகை ஹார்டனர் இப்பொழுது செய்கிறார்கள். ஈரக்காற்றை அது நன்றாகத் தாங்கும் என்பதால் எங்கள் ஊருக்குப் பொருந்துமென்று எனக்கு ஓர் அபிப்பிராயம். அடுத்த படகில் அதைப் பரீட்சித்துப் பார்க்கப் போகிறேன், கையுறையோடு.

இரண்டாம் படகு நான்கு ஆண்டாய் உப்பங்கழியில் ஓடுகிறது. முற்றிலும் இறுகிப் போனதால் பையனை அது ஒன்றும் செய்வதில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவன்தான் துடுப்புப் போடுகிறான். சென்ற வாரம் துடுப்பு வளையம் ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது. நான் கொட்டகையில் பிசின் டப்பாவைத் திறந்ததும் அவன் எழுந்து வேலியோரம் போய் நின்றுகொண்டான். அங்கிருந்தே குரல் கொடுத்தான்:

"மாமா, துளைக்குள்ளே நிரப்பினீர்களா?"