டன்ரொபின் மாளிகை: கல்லைப் பார்ப்போம், காணியையும் பார்ப்போம்



ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கோல்ஸ்பி ஊருக்குப் பக்கத்தில நிற்கிறது டன்ரொபின் மாளிகை. கூம்புக் கோபுரங்கள், 189 அறைகள், கீழே வேர்சாய் பாணியில் தோட்டம். வடிவான கட்டடம்தான், அதில சண்டை இல்லை. நடுவில இருக்கிற பழைய கோட்டையைச் சுற்றி, 1845 முதல் பிரெஞ்சு மாளிகை மாதிரி இதை விரித்தவர் சார்ள்ஸ் பாரி. லண்டன் நாடாளுமன்றத்தின் அதே கட்டடக் கலைஞர். 1915இல் தீப்பிடித்த பிறகு ரொபர்ட் லோரிமர் திருத்தினார்.

சுற்றுலாக் கதை பெரும்பாலும் இதோட முடிஞ்சிடும். என்ர கேள்வி, இந்த மாளிகைக்குப் பின்னால இருக்கிற பள்ளத்தாக்குகள் ஏன் இவ்வளவு வெறுமையா கிடக்கு எண்டதுதான்.

1814 முதல் 1820 வரைக்கும் சதர்லண்ட் சீமாட்டி எலிசபெத்தின் காணிகளில் இருந்து சுமார் 15,000 பேர் விரட்டப்பட்டார்கள் எண்டு மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் எழுதுகிறார். வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கேலிக் பேசின குடியானவர்களைக் கடற்கரைத் துண்டு நிலங்களுக்குத் தள்ளிவிட்டு, அவர்களின் இடத்தில் ஆடுகளை விட்டார்கள். 1816இல் பற்றிக் செல்லர் எண்ட முகவர் மீது வழக்கு நடந்தது. விடுதலையாகிவிட்டார்.

பாரி கட்டின மாளிகையின் எஜமானி எலிசபெத்தின் மருமகள் ஹரியட். அமெரிக்க அடிமை முறைக்கு எதிராக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்ட மனு இவரின்ர லண்டன் வீட்டில்தான் தொடங்கியது. 1853இல் மார்க்ஸ் கடுமையாகக் கேட்டார்: உங்கட குடும்பச் சொத்து எப்படி வந்தது?

அந்த மனு பிழை எண்டு நான் சொல்லவில்லை. அடிமை முறையை எதிர்க்கத்தான் வேணும். ஆனால் தூரத்து அநியாயத்துக்குக் கையெழுத்து வைக்கிறது லேசு. நாங்கள் வாடகை வாங்குகிற, சம்பளம் குடுக்கிற இடத்தில நியாயம் கேக்கிறதுதான் கஷ்டம். மனுக்களோட வாழுகிற எங்களுக்கும் இது பொருந்தும்.

மாளிகைக்குப் பக்கத்து மலையில் நிற்கிற முதலாம் டியூக்கின் சிலையை இடிக்கிறதா இல்லையா எண்டு கன காலமா வாதம் நடக்குது. எனக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி காணி. அதே சதர்லண்டின் மேற்கே, 1993இல் அசின்ற் குடியானவர்கள் காசு சேர்த்துத் தாங்கள் உழுத நிலத்தைத் தாங்களே வாங்கினார்கள். டன்ரொபினுக்குப் போறவர்கள் போங்கோ. ஆனால் அசின்றையும் பாத்திட்டு வாங்கோ.